தரித்திரம் என்றால் ஓடியவள்

அக்கா,

நேற்று ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பக்கத்தில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், அம்பத்தூரில் நாம் வேலை பார்த்த ரப்பர் பட்டறைக்குள் போய் நின்றேன். அச்சிலிருந்து வரும் வாஷர்களின் பிசிறை நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து நறுக்குவோம். எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினெட்டு வயது, உனக்கு முப்பதுக்கு மேல்.

அன்று நீ தாமதமாக வந்தாய். ஏரிக்கரையில் இருந்த உன் குடிசையை விடிந்ததும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சட்டி பானைகளை அண்ணனூரில் தங்கை வீட்டில் வைத்துவிட்டு ஓடி வந்திருந்தாய். சூப்பர்வைசர் காரணம் கேட்கவில்லை. "தரித்திரம். காலங்காத்தால வந்து நிக்குது பாரு" என்றான்.

மதியம் சாப்பாட்டைத் தொடாமல் என்னிடம் கேட்டாய். அங்கே பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான்.

"அந்த வார்த்தைக்கு இன்னாடி அர்த்தம்?"

கொடிய வறுமை என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஏழை என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், அது வலித்ததில்லை, இதில் ஏதோ அசிங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். வடமொழிச் சொல்லாம். ஓடுதல் என்ற வேரிலிருந்து வந்ததாம். நிலைகொள்ள இடமில்லாமல் அங்குமிங்கும் ஓடி அலைவதுதான் முதற்பொருள். கண்டுபிடித்த பெருமையோடு மறுநாள் சொன்னேன். உன் முகம் இறுகியது. வெள்ளானூரில் உன் அப்பா கூலிக்கு உழுத நிலத்தை அதன் சொந்தக்காரர் மனை போட்டு விற்றபோதே உங்கள் ஓட்டம் தொடங்கிவிட்டது.

"நாங்களா ஆசப்பட்டு ஓடினோம்? தொரத்தினவனுக்கு அந்த புக்குல இன்னா பேரு போட்டுக்கீது?"

ஒரு பெயரும் இல்லை, அக்கா. ஓடியவர்களுக்குப் பெயர் வைத்து, அதையே வசையாக்கி, காலையில் பார்க்கக்கூடாத முகமாகவும் ஆக்கிவிட்டார்கள். துரத்தியவன் மட்டும் பெயரில்லாமல் சுகமாக இருக்கிறான். இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் உன்னை மறுபடியும் அந்தச் சொல்லால் அழைத்தான். நீ எழுந்துபோய் அவன் மேசை முன்னால் நின்றாய். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குப் பேரு கீது சார். அதச் சொல்லிக் கூப்புடு."

அவன் உன்னை அந்த நிமிடமே வெளியே போகச் சொன்னான். வாசலில் திரும்பி எங்களைப் பார்த்தாய். பதினோரு பேர் இருந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டு வாஷரை நறுக்கினேன்.

பிறகு ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குப் போனாய். ஒருநாள் ரயில் நிலையத்தில் பார்த்தபோது நீயாகவே வந்து என் கையைப் பிடித்தாய். "உன்ன நம்பி ஊட்ல நாலு பேரு கீறாங்க. நீ எழுந்து வராதது நல்லதுதான்" என்றாய்.

போன மாதம் உன் சாவுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், தரித்திரத்திலேயே பிறந்து தரித்திரத்திலேயே போய்விட்டாள் என்றார். எழுந்தேன். அத்தனை பேர் முன்னால், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும்வரை அவரை விடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தாமதமாக எழுந்திருக்கிறேன்.

நீ ரயில் நிலையத்திலேயே என்னை மன்னித்துவிட்டாய். நான் இன்னும் மன்னிக்கவில்லை, அவனையும் என்னையும்.