அவசரம் லேது

மாமா,

இன்று காலை சித்தூரில் ஒரு ஷெட்டில் உங்கள் காரின் புகைக்குழாய்க்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கருகிய ஆயில் வாடை. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய வாடைதான். நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் இழுத்தேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பையனை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, நீலமாக வந்த புகையைக் கையால் விசிறிவிட்டு, "புதுசுல எவனோ இத்த கண்ணு மண்ணு தெரியாம மிதிச்சிக்கிறான்ணா. ரன்னிங்ல இருக்கசொல்லவே, இஞ்சினு பழகறதுக்குள்ளவே ரிங்கு போயிக்கிது" என்றார்.

எவனோ இல்லை, நான்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். அதைச் சொல்லத் தொடங்கினால் யாரையாவது அடிக்கத் தோன்றும். உங்களுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த வியாதி அது.

முதல் நாளே அடிதடியில்தானே ஆரம்பித்தோம்? விருதுநகர் பக்கத்திலிருந்து ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்கு வந்தவர் நீங்கள். பாலசமுத்திரத்தில் என் அக்காவுக்குத் தாலி கட்டிய கையோடு பந்தியில் உட்கார்ந்து, "அதென்னடா போய்க்கினு, வந்துக்கினு? காதுக்குள்ள கினு கினுன்னு மணி அடிக்குது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டு உங்கள் சட்டையைப் பிடித்தேன். மாலைகூட வாடாத மாப்பிள்ளையின் சட்டையை! நைனா என் முதுகில் அறைந்தார். நீங்கள் எழுந்து, மாலையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, நிதானமாக என் தாடையில் ஒன்று வைத்தீர்கள். அப்புறம் என் வாளியை எடுத்து நீங்களே நாலு இலைக்குச் சாம்பார் ஊற்றினீர்கள். இந்த ஆளை வெட்டிப் போட வேண்டும் என்று நினைத்தேன். அதே இரவு அக்காவிடம், "ஆளு தேவலைக்கா" என்றும் சொன்னேன்.

பிறகு கார் வந்தது. நான் திருப்பதியில் ஆக்டிங் டிரைவர். ஊரான் வண்டிகளை ஓட்டிப் பிழைப்பவன். குடும்பத்தில் முதல் கார் வந்ததும் அதன் ஸ்டியரிங் எனக்குத்தான் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். ஷோரூமில் சாவி கொடுத்த இளைஞனிடம் நீங்கள் கேட்டீர்கள்: "தம்பி, இஞ்சின் பழகுற வரைக்கும் மெதுவா ஓட்டணும்ல?" அவன் தெலுங்கில் சொன்னான்: "இப்புடு அதந்தா அவசரம் லேது சார்."

எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இந்தக் காலத்து இஞ்சினுக்கு அதெல்லாம் தேவையில்லை என்கிறான் அவன். உங்கள் விருதுநகர்க் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "பாத்தியா, அவசரமே இல்லைங்கிறாரு. பொறுமையா ஓட்டச் சொல்றாரு" என்று என் முதுகில் தட்டினீர்கள். நான் விளக்கினேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "எந்தப் பாஷையில சொன்னாலும் அவசரம் அவசரம்தான்டா." அறுபதுக்கு மேல் போகக் கூடாது, ஆயிரம் கிலோமீட்டர் ஆகி முதல் சர்வீஸ் முடியும்வரை நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தீர்ப்பு சொல்லிவிட்டீர்கள்.

காணிப்பாக்கத்தில் பூஜை போட்டபோது அந்தத் தீர்ப்பு ரத்தம் பார்த்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நீங்கள் பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பழத்தை நசுக்க வண்டியை எடுக்கிற சாக்கில் நான் உள்ளே ஏறி, ஆசை தீர ஒரு முறை உறுமவிட்டேன். அவ்வளவுதான். பூசணிக்காயை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து, கதவைத் திறந்து, காலரைப் பிடித்து என்னை ரோட்டில் இழுத்துப் போட்டீர்கள். "அது பச்சப்புள்ளடா! பச்சப்புள்ளய அடிப்பியா நீ?" பச்சைப்பிள்ளைக்காக என்னை அடித்தீர்கள். நான் தலையால் உங்கள் உதட்டை முட்டிக் கிழித்தேன். உடைந்த பூசணிக்காயின் குங்குமத்தில் இருவரும் புரண்டதில் எது யார் ரத்தம், எது குங்குமம் என்று தெரியவில்லை. அக்கா ஒரு குடம் தண்ணீரை எங்கள் தலையில் கவிழ்த்து, "விநாயகருக்குக் கண்ணு இல்லாம பூடிச்சி. ரெண்டு பேரையும் சேத்து நசுக்கியிருக்கலாம்" என்றாள்.

திரும்பி வரும்போது வீங்கிய உதட்டோடு நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "புது இஞ்சின்ல ரிங்கும் சிலிண்டரும் ஒண்ணையொண்ணு ஒரசிக்கிட்டுத்தான் கெடக்கும் மாப்ள. ஒரசி ஒரசித்தான் பொருந்தும். அதுக்குள்ள வெரட்டுனா ரெண்டும் கீறிப்போகும். நீயும் நானும் இன்னும் ரன்னிங்லதான் இருக்கோம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது, அதைக் காட்டினால் மானம் போய்விடும்.

முதல் சர்வீஸுக்கு விட வேண்டிய நாள். பாலசமுத்திரத்திலிருந்து நாம் இருவரும் திருப்பதிக்குக் கிளம்பினோம். வெதுருகுப்பம் வழியாகப் போனால் கிட்டம். மேடு பள்ளத்தில் இஞ்சின் முக்கும் என்று சித்தூர் சுற்றி ஹைவேயைப் பிடித்தீர்கள். மீட்டரில் ஆயிரத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட நீங்கள் இன்னும் பிரிக்க விடவில்லை. "சர்வீஸ் முடியட்டும், சாவி உன் கையில. நீ பறந்து காட்டு, நான் கண்ண மூடிக்கிட்டு உக்காந்துக்கறேன்" என்றீர்கள். எனக்குக் கால் கட்டைவிரல் அரித்தது.

பாகால கிராஸுக்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நீங்கள் வலது ஓரத்தில் அறுபதில் போய்க்கொண்டிருந்தீர்கள். "ஒதுங்கு மாமா, பூட்டும் வுடு" என்றேன். "நான் எதுக்குடா ஒதுங்கணும்? ரோடு அவங்கப்பன் வீட்டுதா?" அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நீங்களும் அறுபதிலிருந்து அசையவே இல்லை. கடைசியில் இடது பக்கம் ஏறி வந்து, வண்டியைக் குறுக்கே போட்டான். மூன்று பேர் இறங்கினார்கள். அவர்கள் உங்கள் தாயைப் பற்றித் தெலுங்கில் சொன்னது உங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

முதல் அடி உங்களுடையதுதான். கோர்ட்டில் நான் என்ன சொன்னாலும் உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஓட்டியவனின் மூக்கு உங்கள் முதல் குத்திலேயே உடைந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொருவனை நான் தார் ரோட்டில் தள்ளி அவன் காதைக் கடித்தேன். வாய் நிறைய உப்பு. நாம் ஜெயித்துக்கொண்டிருந்தோம் மாமா. நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாமவன் உங்களுக்குப் பின்னால் வீல் ஸ்பேனரோடு நின்றான். நான் கத்தினேன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். அடி விழுந்தது. தேங்காய் உடைக்கிற சத்தம்தான். அவர்களே பயந்துபோய் வண்டியில் ஏறி ஓடிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்க என்னால் முடியவில்லை. உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினேன். முதன்முதலாக உங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். உள்ளங்கை வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டு மிதித்தேன். நூறு, நூற்றிருபது, அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. இஞ்சின் அலறியது. திருப்பங்களில் பிளாஸ்டிக் உறை மேல் உங்கள் ரத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஊறிப்போக அதற்கு இடமில்லை. லாரிக்காரன் ஒருவனை ரோட்டை விட்டே இறக்கினேன். குறுக்கே வந்த பைக்கை ஒரு முழ இடைவெளியில் ஒடித்துத் தாண்டினேன்.

சந்திரகிரி தாண்டும்போது பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. "மெதுவாடா. ரன்னிங்ல இருக்குடா."

தலை பிளந்து கிடக்கிற மனிதன் பேசுகிற பேச்சா அது? எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை நிறுத்தி உங்களை இன்னொரு முறை அடித்திருப்பேன். "மூடிக்கினு படு மாமா! இஞ்சினு செத்தா சாவட்டும்!" என்று அழுதுகொண்டே கத்தினேன். முன்னால் போன பஸ்ஸை முந்தினேன். பிறகு கேட்டீர்கள்: "ஆயிரம் ஆயிருச்சா?"

மீட்டரைப் பார்த்தேன். ஆகவில்லை.

"ஆயிடுச்சி மாமா."

"அப்ப மிதி."

அதுதான் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரியில் உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என் ரத்தமும் உங்கள் ரத்தமும் ஒரே குரூப். அது நமக்கு ஏற்கெனவே தெரியும். "அதான் ரெண்டும் இப்படி அடிச்சிக்குது" என்று அக்கா சொல்வாள். கையை மடித்துவிட்டுக் கதவருகிலேயே நின்றேன். எடுத்துக்கொள்ளட்டும், மொத்தமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். வெளியே வந்த நர்ஸம்மா என் நீட்டிய கையைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, "அவசரம் லேது பாபு" என்றார்.

பிறந்ததிலிருந்து தெலுங்கு கேட்டவன் நான். அன்று அது உங்கள் காதில் விழுகிற மாதிரி என் காதில் விழுந்தது. அவசரம் இல்லை. இனி ஒன்றுக்கும் அவசரம் இல்லை. பக்கத்துச் சுவரில் குத்தினேன். இரண்டு விரல் உடைந்தது. அந்த வலி பிடித்திருந்தது.

கேஸ் நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் ஸ்பேனர் பிடித்தவனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மெலிந்த கழுத்து. ஒரு நாள் அவன் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, அழுகிற தன் குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தான். அன்றும் எனக்கு இரக்கம் வரவில்லை. வந்த மாதிரி எழுதினால் நீங்களே எழுந்து வந்து அறைவீர்கள்.

அக்கா காரை விற்கச் சொல்லவில்லை. அந்தப் பிளாஸ்டிக் உறையை அவளே பிரித்து, கொல்லையில் போட்டு எரித்தாள். வண்டியில் உட்கார மட்டும் மாட்டேன் என்கிறாள். அது ஆயில் குடிக்கிறது, நான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அன்று மிதித்ததால்தான் என்று இந்த மெக்கானிக் சொல்கிறார். போன வருடம் பார்த்தவர், "இந்த இஞ்சினே அப்டித்தாங்க, ஒரு நாள் மிதிச்சதுக்கெல்லாம் இப்டி ஆவாது" என்றார். உங்கள் கட்சி ஜெயித்ததா, ஷோரூம்காரன் கட்சி ஜெயித்ததா, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இதற்காகவே இன்னும் இரண்டு முறை கட்டிப் புரண்டிருப்போம். அந்தச் சண்டைக்கு எனக்கு வேறு ஆள் இல்லை மாமா. அதுதான் தாங்கவில்லை.

"இஞ்சின் விப்பாலிண்ணா, பிரிக்கணும். பிரிச்சி ரிங்கு மாத்திட்டா புகையே வராது" என்றார் மெக்கானிக்.

பானெட்டை அறைந்து மூடினேன். "அவசரம் லேது" என்றேன்.

சித்தூர்க்காரர் அல்லவா, அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். "தேவையே இல்லன்றியா, மெதுவா பாத்துக்கலாம்ன்றியா?" என்று கேட்டார்.

வண்டியை எடுத்தேன். பாகால கிராஸுக்குக் கிட்டே வரைக்கும் வலது ஓரத்திலேயே, அறுபதில் வந்தேன். பின்னால் எவனெவனோ ஹாரன் அடித்தான். ஒதுங்கவில்லை. நீங்கள் விழுந்த அந்த இடம் வந்ததும் மிதித்தேன்.