மூன்று சொட்டு

அன்புள்ள தங்கைக்கு,

'அன்புள்ள' பழக்கதோஷத்தில் கைக்கு வந்துவிட்டது. கிழித்துவிட்டு எழுத இன்னொரு தாளை வீணாக்க மனமில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அம்மா சௌக்கியம். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது. நீ அங்கே விசாரணையில் மாட்டிக்கொண்டிருப்பதை அவளிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன் என்றதும், வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லு, கோபமா எதுவும் எழுதிடாதே என்றாள். முதல் பாதியை எழுதிவிட்டேன்.

நான்கு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நாம் இங்கே ஒரே ஆய்வகத்தில் இருந்தபோது நீ எழுதிய கட்டுரையில் உள்ளபடியே செய்தும், அங்கே வாயுவை மின்சாரமாக்கும் எரிபொருள் கலம் ஒன்றுகூட, நீ எழுதியதில் பாதி மின்சாரத்துக்கு மேல் தரவில்லை. எண்களை நீயே இட்டுக்கட்டியதாகச் சந்தேகப்படுகிறார்கள், வேலை போய்விடும் என்கிறாய். "அக்கா, நீ எத்தனை சொட்டு விட்டே?" என்று கேட்கிறாய். அந்தக் கட்டுரையின் கடைசி வரி எனக்கு மனப்பாடம். 'ஆய்வக உதவியாளர் ஒருவருக்கும் நன்றி.' கூடப் பிறந்தவளின் பெயர் உனக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கலம் என்பது சட்டைப் பொத்தான் அளவு பீங்கான் வில்லை. அதன் காற்றுப் பக்கத்தில் சல்லடை மாதிரி இருக்கும் மின்முனைதான் கேத்தோடு. அதற்குள் நைட்ரேட் கரைசல் மூன்று சொட்டு, பிறகு ஃபர்னஸில் ஒரு சூடு. இதுதான் நீ சொன்ன முறை. முதல் நான்கு வில்லைகளை அப்படித்தான் செய்தேன். கரைசல் உள்ளே இறங்காமல், பாலில் ஏடு படிந்த மாதிரி மேலேயே நின்றது. வந்து சொன்னேன். நீ கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "சொன்னத மட்டும் செய்க்கா. யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன்" என்றாய்.

அன்றைக்கே எனக்கு வெறுத்துப்போயிற்று. ஐந்தாவது வில்லையிலிருந்து, உள்ளே இறங்கட்டும் என்று கரைசலில் பாதிக்குப் பாதி ஆல்கஹால் கலந்தேன். ஒரு சொட்டு, ஒரு சூடு, ஆறவிட்டு மறுபடி ஒரு சொட்டு. ஆறு தடவை. மின்சாரம் இரண்டு மடங்கு வந்ததும் நீ துள்ளிக் குதித்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. திட்டுவாய் என்று பயந்ததாக வைத்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது ருசியாக இருந்தது. அது என் தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் ஃபர்னஸ் நோட்டின் பக்கங்களை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி, சூடு, சொட்டு எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. உன் மேஜைக்கு எதிரிலேயேதான் அந்த நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாளாவது புரட்டியிருந்தால் உனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

நீ திமிர் பிடித்தவள், நன்றி கெட்டவள். பொய்க்காரி இல்லை. அதைச் சாட்சி சொல்ல உலகத்தில் என்னை விட்டால் ஆளில்லை. விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல், சொல்கிறேன். ஆனால் 'உதவியாளர் ஒருவர்' என்று எழுதிக் கொடுத்தால் அவர்களால் யாரையும் கூப்பிட முடியாது. அக்கா என்று எழுதினாலும் அவர்களுக்குப் புரியாது. என் முழுப்பெயரை எழுதிக் கொடு.

உனக்கு மட்டும்,
அக்கா