இரண்டாவது வீடும் பதினோரு ரேசர்களும்

14 ஜூலை 2024, ஞாயிறு

பதினோராவது ரேசர் இன்று கூரியரில் வந்தது. என் கணவர் வீரேந்திரன் பெட்டியைத் திறந்தார், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், மறுபடி மூடி பீரோவின் மேல்தட்டில் வைத்தார். சவரம் செய்வதென்னவோ கல்லூரி நாளில் வாங்கிய பித்தளைப் பிடி ரேசரால்தான். மற்ற பத்தும் பேக்கப். பிளேடு மாட்டாமலேயே முதுமை அடையும்.

"இருக்கறது ஒரு மூஞ்சி. அதுக்குப் பதினொண்ணா?" என்றார் அத்தை, மகனிடம்.

"கம்பெனிக்காரன் செய்யறத நிறுத்திட்டான்னா ஜல்தியா எங்க போய்த் தேடறதும்மா?"

திண்டிவனத்தில் இன்வெர்ட்டர் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களிடமெல்லாம் 'கரண்டு போனா என்ன பண்ணுவீங்க' என்று கேட்டே பிழைப்பவரிடம் இதற்குமேல் என்ன பேச?

நான் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன தகுதி?

15 ஜூலை

தகுதி இல்லை. எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் விழுப்புரத்தில் நான் தங்கியிருந்த மாடி அறையை, ஏழு மாதமாகியும் காலி செய்யவில்லை. தினமும் ஆபீஸ் முடிந்து ரயிலில் திண்டிவனம் திரும்பிவிடுகிறேன். வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இவர் குடிப்பதில்லை, கத்துவதில்லை, என் புத்தகங்களை இடம் மாற்றுவதில்லை. பிறகு எதற்கு அந்தச் சாவி?

ஒருவேளை — அந்த ஒரு சொல்லுக்குத்தான் வாடகை.

வீட்டுக்கார சவுரியம்மாளிடம் கல்யாணமானதையே சொல்லவில்லை. தாலியைத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை போய் வருகிறேன். இவருடைய பேக்கப்பாவது எல்லோர் கண்ணெதிரே பீரோவில் இருக்கிறது.

28 ஜூலை, ஞாயிறு

மழைக்காலத்துக்கு வீடூரில் தங்கியிருக்கும் சமணப் பெண்துறவி மாதாஜியைத் தரிசிக்கப் போனோம். மழைக்காலம் முடியும்வரை ஏதாவது ஒரு விரதம் எடுங்கள் என்றார். 'பொருள் வரைதல்' என்று முடிவாயிற்று. இன்ன பொருளை இத்தனைக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று வாய்விட்டு எல்லை சொல்ல வேண்டும். எங்கள் சமண ஜனம் இதில் கெட்டி. இரண்டு மாடு வைத்திருப்பவர், பத்துக்கு மேல் வேண்டாம் என்று துறப்பார்.

"ரேசர், இருபத்தஞ்சுக்கு மேல வச்சிக்க மாட்டேன்," என்றார் வீரேந்திரன், கைகூப்பி. தன் தலைமுடியைக் கையாலேயே பிடுங்கி எடுக்கும் துறவி, அதற்கும் மயிற்பீலியை உயர்த்தி ஆசி தந்தார்.

பிறகு என்னிடம் கேட்டார். புடவை? முப்பது. வீடு?

அவர் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "ரெண்டு," என்றேன்.

அத்தைக்குப் பூரிப்பு. "மருமவ இன்னொரு வூடு கட்ட ஆசைப்படறா!"

இவர் மட்டும் என்னையே பார்த்தார். எல்லோரும் இருப்பதைவிடக் கூட்டிச் சொன்னார்கள். இருப்பதை அப்படியே எண்ணிச் சொன்ன அசடு நான் ஒருத்திதான்.

1 ஆகஸ்ட்

எதுவும் கேட்கவில்லை. பேஜாராக இருக்கிறது. கேட்டுத் தொலைக்கக் கூடாதா?

4 ஆகஸ்ட், ஞாயிறு

தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டார். "ரெண்டாவது வூடு எங்க இருக்குது, பிராமி?"

"விழுப்புரத்துல."

"வா, பாத்துட்டு வரலாம்."

பைக்கில் ஒரு மணி நேரம். மாடிப்படியருகே சவுரியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இவரு?"

"என் வீட்டுக்காரருங்க."

முறம் நின்றது. "எப்போ கட்டிக்கின? ஆவணிக்குள்ள உனக்கு ஒரு மாப்ள பாத்துடணும்னு நான் அலைஞ்சிக்கினு இருக்கேன்! திருக்கோவிலூர்ல ஒரு பையன்கூட—"

"அவரு இருக்கட்டுங்க," என்றார் இவர். "பேக்கப்பா."

மேலே வந்ததும் அவரிடம் அந்தக் கேலி இல்லை. கட்டில், புத்தக அலமாரி, ஒரே ஒரு டம்ளர். அந்த டம்ளரைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"நான் அப்படி என்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. நீங்க மட்டும் எதுக்குப் பதினோரு—"

முடிக்க முடியவில்லை. ஒரு மனுஷனைப் போய் ரேசரோடு ஒப்பிடுவதா? அழுகை வந்துவிட்டது. காலி பண்ணிடறேன் என்றேன்.

பாத்ரூம் கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டுன்னு மாதாஜிகிட்ட சொல்லிட்ட. இருக்கட்டும்."

7 ஆகஸ்ட்

ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருக்கிறோம். சகிக்கவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

இவர் தாடையில் இரண்டு வெட்டு. ரத்தம் நிற்கக் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தார். குப்பைக்கூடையில் ஒரு ரேசர் பெட்டியின் உறை. பேக்கப்பில் ஒன்றைப் பிரித்திருக்கிறார்! பித்தளைப் பிடி எங்கே என்று கேட்டேன்.

"இது இன்னும் கைக்குப் பழகல," என்றார். நான் கேட்டது அதுவல்ல.

10 ஆகஸ்ட், சனி

காலி செய்வதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் மதியம் போனேன். சவுரியம்மாள் கீழேயே பிடித்துக்கொண்டார். "முந்தாநேத்து உன் வூட்டுக்காரரு வந்தாரு. என்கிட்ட இருக்கற சாவிய வாங்கிக்கினு மேல போனாரு. அஞ்சே நிமிஷம், எறங்கிட்டாரு."

பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே பித்தளைப் பிடி ரேசர். அலமாரியில் இரண்டாவது டம்ளர்.

பிறகு இறங்கி வந்து, "இனிமே சனிக்கிழமைல அவரும் வருவாருங்க," என்றேன்.

"அப்போ அந்தத் திருக்கோவிலூர் பையன்கிட்ட வேணாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடுங்க."