அரை மணி நேர லாட்டே

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் என் வீட்டுக்காரி ஆறு நாற்பதுக்குக் கிளம்பிவிட்டாள். எட்டு மணி வேலைக்கு! ஏழேகாலுக்குத்தான் பஸ். நடுவில் அரை மணி நேரம் என்ன செய்கிறாய் என்று கேட்டே விட்டேன். "முக்குக் கடையில ஒரு லாட்டே குடிச்சிட்டுப் போறேங்க. மேப்பிள் சிரப் கலந்து தருவாங்க" என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

லிஃப்ட் ரிப்பேர் வேலையில் எனக்கு மதியம் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை என்று ஷிஃப்டை மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் சாயங்காலம் பார்த்துத்தான் மக்கர் பண்ணும் போல. நான் வீடு சேரும்போது அவள் தூங்கியிருப்பாள், இல்லாவிட்டால் சோபாவில் சொக்கி விழுந்துகொண்டிருப்பாள். ஆக, நானும் அவளும் முகம் பார்த்துப் பேச மிச்சம் இருப்பது காலை மட்டும். அதிலும் அரை மணியை ஒரு காபிக் கடை தட்டிப் பறிக்கிறது.

என்னிடமிருந்து தப்பித்தால் போதும் என்று ஓடுகிறாளோ? சே. பன்னிரண்டு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு புத்தி போகிற போக்கைப் பார்.

பிப்ரவரி 5, புதன்

அந்தக் கடைக்குப் போனேன். உளவு பார்க்கத்தான், வேறென்ன. காபி போடுகிற பெண் கிராப் தலையோடு துறுதுறுவென்று இருந்தாள். என் வீட்டுக்காரியின் அடையாளத்தைச் சொன்னதும் சிரித்தாள். "ஜன்னல் சீட் அக்காவா! ரெண்டு ஸ்பூன் சிரப், சார். அதை முதல்ல சூடான டிகாக்ஷன்ல கலந்துடணும். பால் அப்புறம்தான்."

வேறு என்ன பேசுவாள் உங்களிடம் என்று கேட்டேன். "அவங்க வந்தா நாங்க பேச்சே குடுக்க மாட்டோம் சார். கப்பை வச்சிட்டு வந்துடுவோம்."

தினம் வருகிற ஒருத்தியிடம் 'நல்லா இருக்கீங்களா' என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களாம். நல்ல கடை! அவள் உட்காருகிற நாற்காலியையும் பார்த்தேன். கடை முழுவதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்துக் கிடக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். அந்த லாட்டே இனி இந்த வீட்டிலேயே கிடைக்கும். அவள் ஏன் போகப் போகிறாள்?

பிப்ரவரி 8, சனி

அடுப்பில் வைத்துக் கெட்டி டிகாக்ஷன் இறக்குகிற குட்டிப் பாத்திரம், பேட்டரியில் சுழலும் நுரை கடைகிற கம்பி, ஒரு பாட்டில் மேப்பிள் சிரப். எல்லாம் வாங்கியாயிற்று. நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் கிடைக்குமாம், பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. என் மகள், வாலு, ஒரு ஸ்பூன் நக்கிவிட்டு, "அப்பா, அப்ப நம்ம வீட்டு நாற்காலியும் இனிக்குமா?" என்றாள். பார்த்துச் சொல் என்றேன். நிஜமாகவே நக்கிப் பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் முயற்சி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நுரை துணி அலசின தண்ணீர் மாதிரி வந்து, கப்பில் ஊற்றுவதற்குள் அடங்கிப் போயிற்று. துணி மடித்துக்கொண்டே ஒரு வாய் குடித்தவள், "பரவாயில்லையே" என்றாள். அவளுடைய 'பரவாயில்லையே'வை எனக்குத் தெரியாதா.

பிப்ரவரி 13, வியாழன்

தப்பு எங்கே என்று பிடிபட்டது. பாலைக் கொதிக்கவே விடக்கூடாதாம். பொங்கினால்தான் பால் காய்ந்தது என்று பழகிய கை, கேட்குமா? லிஃப்ட் மோட்டார் சூடாகிறதா என்று பார்க்கிற கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். துப்பாக்கி போலப் பாலை நோக்கிப் பிடித்தால் எண் காட்டும். அறுபதைத் தாண்டியதும் அடுப்பை அணைக்க வேண்டும். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 17, திங்கள்

நுரை அடங்காமல் நின்றது!

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று அவள் கடைக்குப் போகவில்லை. மேஜையில் என் எதிரே உட்கார்ந்து, நான் போட்ட லாட்டேயை முழுக்கக் குடித்தாள். மேலுதட்டில் நுரை. ஏழு மணி வரைக்கும் என் பெண்டாட்டி என் எதிரே! எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போய் ஸ்பேனரை ஒரு கட்டடத்திலும் கைப்பையை இன்னொரு கட்டடத்திலும் விட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஒரு நாளும் தவறவில்லை. இரண்டு மாதம் சேர்த்து வைத்த பேச்சு எனக்கு. நுரை போதுமா, இனிப்பு தூக்கலா, ராத்திரி நல்லாத் தூங்கினாயா, பஸ்ஸில் இடம் கிடைக்கிறதா, உங்கள் சூப்பர்வைசர் இப்போது எப்படி என்று எல்லாம் கேட்கிறேன். "ம்" என்கிறாள். ஏழாவது மாடியில் மட்டும் இரண்டு விரற்கடை கீழே நின்றுவிடுகிற லிஃப்ட் ஒன்று மூன்று வாரமாக என் உயிரை வாங்குகிறது. அதைப் பற்றியும் சொன்னேன். அதற்கும் "ம்". பதிலுக்கு என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இன்று பாதிக் கப் அப்படியே இருந்தது.

சிரப் கூடிவிட்டதோ?

மார்ச் 6, வியாழன்

ஒற்றைக் காலுறையைத் தொலைத்ததற்காக வாலுவைப் பார்த்துக் கத்தினாள். அப்படிக் கத்துகிறவளே இல்லை. அப்புறம் அவளே குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாவியை மறந்து வைத்துவிட்டுப் போய், பாதி வழியிலிருந்து திரும்பி வந்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

அவளை அழ வைத்துவிட்டேன்.

"இன்னைக்கு மேல கொஞ்சம் பட்டைத் தூள் தூவட்டுமா?" அவ்வளவுதான் கேட்டேன். கப்பைக் கீழே வைத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எட்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி விசாரணைக் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். எக்ஸ்ரே எங்க, டாக்டர் எப்ப வருவாரு, பாத்ரூம் எந்தப் பக்கம், எங்கம்மா பொழைச்சிடுவாங்களான்னு கூட என்கிட்டதாங்க கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றது? வீட்டுக்கு வந்தா இந்த வாலு. அந்தக் கடையில மட்டும்தாங்க என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றேன். பார், அதுவும் கேள்வி!

"நீங்க துப்பாக்கியைப் புடிச்சிக்கிட்டு பாலுக்குக் காவல் நிக்கறதைப் பாத்தப்புறம் எப்படிங்க சொல்றது" என்றாள். அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரித்தாள்.

மடையா, மூணு வாரமா கேள்வி கேட்டே அவளைக் கொன்னிருக்கேடா. கடைக்காரப் பொண்ணு அன்னைக்கே சொன்னா. காது குடுத்துக் கேட்டியா? நல்ல கடைன்னு நக்கல் வேற.

மார்ச் 12, புதன்

"கடைக்கே போயிட்டு வா" என்று நானே சொன்னேன். போனாள். திரும்பி ஒரு முறை பார்த்தாள்.

என்னிடமிருந்து தப்பிக்கத்தான் போகிறாளோ என்ற பயம் போய்விட்டது. அது ஒரு பெரிய ஆறுதல். ஆனாலும் வீடு வெறிச்சென்று இருக்கிறது, பொய் சொல்வானேன். எனக்கு அவள் வேண்டும். அவளுக்குக் கொஞ்ச நேரம் யாரும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே வீட்டில் எப்படி இடம் பண்ணுவது?

மார்ச் 17, திங்கள்

ஒரு யோசனை. சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வீட்டுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டேன். பக்கத்தில் ஒரு ஸ்டூல். லாட்டேயைப் போட்டு ஸ்டூலில் வைத்தேன். பிறகு பாலிஷ் டப்பா, பிரஷ், வாலு, அவளுடைய ஷூ, என்னுடைய ஷூ எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

போகும்போது பார்த்தேன். தோளில் பையோடு நின்றவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்து பாலிஷ் போட்டோம். "ஏம்ப்பா இங்க உக்காந்திருக்கோம்? அம்மா என்ன பண்றாங்க? எறும்புக்கு ஷூ உண்டா?" அத்தனையையும் என்னிடமே கேள் என்று சொல்லிவிட்டேன். ஏழு மணிக்கு அவள் வெளியே வந்து, எங்கள் இருவர் தலையிலும் கை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கப் காலி.

மார்ச் 21, வெள்ளி

இந்த வாரம் மூன்று நாள் ஜன்னல், இரண்டு நாள் கடை. எங்கே போகிறாள் என்று நான் கேட்பதில்லை. பை தோளில் ஏறிவிட்டால் கடை. ஏறவில்லை என்றால் அடுப்பைப் பற்ற வைப்பேன். இந்தக் கட்டடத்திலேயே பளபளப்பான ஷூ எங்களுடையதுதான்.

ஏப்ரல் 2, புதன்

அவளும் வாலுவும் கிளம்பிப் போன பிறகு இதை எழுதுகிறேன்.

காலையில் படியில் உட்கார்ந்திருந்தோம். மணி ஏழு கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. கையில் பாதிக் கப்போடு வந்தாள். "நகருங்க" என்று சொல்லி எனக்கும் வாலுவுக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பாட்டுக்குப் பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாலு கூட, என்ன அதிசயமோ, சும்மா இருந்தாள்.

ஒரு வாய் குடித்தாள். கப்பை என் கையில் கொடுத்தாள். நானும் ஒரு வாய் குடித்தேன். ஆறிப் போயிருந்தது, சிரப் எல்லாம் அடியில் தங்கி நல்ல இனிப்பு.

"ஏங்க, அந்த ஏழாவது மாடி லிஃப்ட் சரியாச்சா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டாள்! "மோட்டார்லதான் கோளாறுன்னு அதையே நோண்டிக்கிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்புறம்?" என்றாள்.

ஏழேகால் பஸ் போயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸில்தான் போனாள்.