பம்பருக்குள் சிக்கிய தேங்காய்த் துண்டு

ஹெப்பாள், மைசூரு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வாங்கிய பழைய காருக்கு நம் ஊர் ராமாபுரத்தில் பூஜை போட்டுத் திரும்பியதிலிருந்து முன்பக்கம் கடகடவென்று சத்தம். இன்ஜின் போய்விட்டதென்றே நினைத்தேன். மெக்கானிக் பம்பருக்கு அடியில் இருந்த தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கும்மா. தேங்காய் உடைச்சது யாரு?"

நீங்கள் ஓங்கி உடைத்ததில் ஒரு துண்டு உள்ளே போயிருக்கிறது.

ஞாயிறன்று மேஜர் சர்வீஸ். டைமிங் பெல்ட், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் உங்களைக் கூட்டிவர வருவேன். அம்மாவிடம் ராகி மாவு அரைத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார வேண்டிய பக்கத்து சீட்டில் இன்னும் என் சாப்பாட்டுப் பைதான் வருகிறது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அந்தத் துண்டை எறியவில்லை, டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் வழியெல்லாம் நீங்கள்தான் தட்டிக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

உங்கள் மகள்,
கோகிலவாணி