இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 5, 2024. சனி

நாகலக்ஷ்மி ஆன்ட்டி வீட்டுக் கொலு. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் புடவை வைத்திருக்கிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள் போல. காரை நிறுத்த மூன்று தெரு தள்ளிப் போக வேண்டியிருந்தது. சுண்டல் நன்றாக இருந்தது, பாட்டுகளை அப்படிச் சொல்ல முடியாது.

தாம்பூலப் பையில் வழக்கமான குங்குமப் பொட்டலம். இரண்டு வருடங்களுக்கு முன் ஊரில் ஏதோ கடையில் கிலோக் கணக்கில் வாங்கி வந்தார், இன்னும் தீரவில்லை. "கலர் பாத்தியா யாமினி, இங்க தேடினாலும் கிடைக்காது" என்றார். நிறம் உண்மையிலேயே அழகுதான். மகள் வெண்பாவுக்குத் தினமும் காலையில் இதைத்தான் வைக்கிறேன். டேகேர் போய்ச் சேர்வதற்குள் கையால் தேய்த்துவிட்டு அந்தக் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொள்கிறாள். நாலு வயசாகிறது, எப்போதுதான் விடுவாளோ.

அக்டோபர் 11. வெள்ளி

ஆயுத பூஜை. எல்லாரும் வரும் முன் லேபுக்குப் போய், ஸ்ட்ரிப் அச்சடிக்கும் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒவ்வொரு வருடமும் லேப்டாப்புக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த வருடம் இதற்கும் தோன்றியது. மூன்று வருட உழைப்பு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், குழந்தையின் உடம்பில் ஈயம் இருக்கிறதா என்று அந்தக் காகிதத் துண்டு சொல்லிவிடும். நவம்பர் முதல் வாரம் கிளினிக்குகளில் சோதனை ஆரம்பம். அது தள்ளிப்போனால் பணம் போடுகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று எங்கள் பாஸ் எலன் முன்பே சொல்லிவிட்டாள். கம்பெனியில் மொத்தமே பதினோரு பேர். கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

எலன் பொட்டைப் பார்த்து இயந்திரத்துக்குப் பிறந்த நாளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு விளக்க ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும்.

வீட்டில் என் கணவர் நெடுஞ்செழியன் தன் பங்குக்கு: "சயின்டிஸ்ட் அம்மா, மெஷினுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கலையா?" அவர் வளர்ந்த வீட்டில் சாமி படமே கிடையாது. இருந்தாலும் பொரிகடலை மட்டும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அக்டோபர் 15. செவ்வாய்

பிளாங்க் சரியில்லை.

பிளாங்க் என்றால் ஈயமே இல்லாத வெறும் துளி. அதை ஸ்ட்ரிப்பில் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். நேற்று அச்சடித்த ஸ்ட்ரிப்புகள் இரண்டு காட்டுகின்றன, சில நான்கு. வெறும் தண்ணீரில் ஈயம் இருப்பதாகச் சொல்லும் கருவியை யார் நம்புவார்கள்?

அக்டோபர் 18

தண்ணீர் மாற்றினோம். அமிலம் மாற்றினோம். கையுறை கம்பெனியையே மாற்றினோம். அதே கதைதான். எலன் ஜன்னல் சட்டத்துப் பெயின்டைச் சுரண்டிச் சோதித்தாள், சுத்தம். தூக்கமில்லை. எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். வெண்பா என்னைப் பார்த்து "ஆர் யூ மேட் அட் மீ?" என்று கேட்டாள். இல்லடா கண்ணு.

அக்டோபர் 23. புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

லேபில் ஒவ்வொரு பரப்பையும் ஈரப் பஞ்சால் துடைத்து, பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து அளந்துகொண்டே வந்தேன். மேசை, நாற்காலி, கதவுப் பிடி, ஒன்றிலும் இல்லை. கடைசியாக இயந்திரத்தின் பக்கவாட்டைத் துடைத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. நான் வைத்த பொட்டு. காய்ந்து உதிர்ந்து, கீழே இருக்கும் விசிறியில் பறந்து, ஸ்ட்ரிப் வந்து விழும் தட்டு முழுக்க. அந்தப் பஞ்சை அளந்தால் மீட்டர் உச்சத்துக்குப் போய் நின்றுவிட்டது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு படித்துவிட்டு, ஈயம் அளக்கும் இயந்திரத்துக்கு நானே என் கையால் ஈயத்தைப் பூசி வைத்திருக்கிறேனே என்று.

அப்புறம் வெண்பாவின் நெற்றி ஞாபகம் வந்தது.

கட்டைவிரல். ஐயோ, அந்தக் கட்டைவிரல். ஒரு வருஷத்துக்கு மேல தினமும் நானே வெச்சு விட்டேனே.

அக்டோபர் 24. வியாழன்

எலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். பஞ்சின் அளவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு, அப்படியானால் ஸ்ட்ரிப் பொய் சொல்லவில்லை, இருந்ததைத்தான் காட்டியிருக்கிறது என்றாள். அடுத்தபடி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்றாள்.

டாக்டர் அவள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் எடுத்த சோதனைகளில் ஒன்றுமே இல்லை, அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. முடிவு திங்கட்கிழமை வருமாம்.

திங்கள் வரை எப்படி இருப்பது? பழைய ஸ்ட்ரிப் ஒன்று, பொட்டு வைப்பதற்கு முன் அச்சடித்தது, கையில் இருந்தது. இன்னும் அனுமதி வாங்காத கருவி. சொந்தப் பிள்ளைக்குப் போடலாமா? சொந்தப் பிள்ளைக்கே போடத் தயங்கினால் ஊரார் பிள்ளைக்கு எந்த முகத்தோடு கொடுப்பேன்? நெடுஞ்செழியன் அவளை மடியில் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டுதான்.

எட்டு. மூன்றரைக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும்.

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்டோபர் 28. திங்கள்

டாக்டரிடமிருந்து போன். எட்டு புள்ளி இரண்டு.

என் ஸ்ட்ரிப்பும் அவர்கள் லேபும் ஒத்துப்போகின்றன. என் வேலைக்கு இதைவிட நல்ல செய்தி வராது. காரை ரூட் 18 ஓரம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு அழுதேன்.

மருந்து தேவையில்லையாம். குங்குமத்தை நிறுத்தி, இரும்புச் சத்துள்ள சாப்பாடு கொடுத்து, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். தானாக இறங்குமாம். இறங்க வேண்டும்.

அக்டோபர் 30

நாகலக்ஷ்மி ஆன்ட்டியிடம் சொல்லியாக வேண்டும். அதே பொட்டலம் எத்தனை வீட்டில் இருக்கிறதோ. "வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு விடு" என்றார் நெடுஞ்செழியன். அது சரியில்லை. நேரில் போனேன். காபி கொடுத்தார். சொன்னேன்.

"அம்பாள் கிட்ட வெச்சு, சுமங்கலிங்களுக்கு என் கையால எடுத்துக் குடுத்தது. அது விஷம்னு சொல்றியா?"

"உங்களை சொல்லல ஆன்ட்டி. கடைக்காரன் கலருக்கு என்னத்தையோ கலந்திருக்கான்."

"முப்பது வருஷமா வெச்சிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் ஈயம் அதிகம் பாதிக்கும் என்று பாடம் நடத்தவில்லை. வெண்பாவின் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது.

அக்டோபர் 31

தீபாவளி. ஆன்ட்டி வீட்டிலிருந்து இந்த வருடம் பட்சணம் வரவில்லை.

நவம்பர் 9. சனி

காலையில் வாசல் மணி. நாகலக்ஷ்மி ஆன்ட்டி, கையில் ஒரு பெரிய கட்டைப்பை. உள்ளே குங்குமப் பொட்டலங்கள். ஒரு வாரமாக வீடு வீடாக அவரே கார் ஓட்டிப் போய், விஷயத்தைச் சொல்லித் திருப்பி வாங்கியிருக்கிறார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறவே பயப்படுகிற மனுஷி எடிசன் நகரம் வரை போயிருக்கிறார்.

"குப்பைல போட மனசு வரல. எங்க போடணுமோ நீயே போட்டுடு" என்றார். சோபாவில் உட்காரவில்லை. வெண்பாவைத் தூக்கி, வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. கோபம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் 20

கிளினிக் சோதனை இன்று தொடங்கியது. இரண்டு வாரம் தாமதம். பணம் போடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் ஓடவில்லை. இயந்திரத்தின் மேல் எலன் கைப்பட ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: பிறந்த நாள் கொண்டாட்டம் வெளியில் மட்டும்.

ஜனவரி 30, 2025

ஐந்து. இறங்குகிறது. கீரை என்றால் இப்போது ஓடி ஒளிகிறாள்.

மே 6

மூன்று.

செப்டம்பர் 21, 2025. ஞாயிறு

நாளை நவராத்திரி ஆரம்பம். மதியம் ஆன்ட்டி ஒரு ஜிப்லாக் பையோடு வந்தார். மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதானாம். கார் கராஜில் தானே கலந்து காயவைத்தது. நிறம் கொஞ்சம் மங்கல், செங்கல் மாதிரி.

"மொதல்ல நீ பாத்து சொல்லு. அப்புறம்தான் நான் யாருக்கும் குடுப்பேன்."

"மஞ்சள் எந்தக் கடை ஆன்ட்டி?"

"அதுக்குத்தானே உன்கிட்ட கொண்டு வந்தேன்."

ஞாயிறென்றும் பார்க்காமல் லேபுக்குப் போனேன். இயந்திரம் இருக்கும் அறைக்குள் எடுத்துப் போகவில்லை, அவ்வளவு புத்தி வந்திருக்கிறது. அமிலத்தில் கரைத்து மூன்று ஸ்ட்ரிப்பில் விட்டேன். மூன்றும் பிளாங்க் மாதிரியே பூஜ்யம். அங்கிருந்தே ஆன்ட்டிக்கு போன் பண்ணி, கொடுங்கள் என்றேன். அவர் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். வெண்பா பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு வருடமாக அவளுக்கு ஸ்டிக்கர் பொட்டுதான். விரலில் தொட்டேன், ஆனால் கை அவள் நெற்றிக்குப் போகவில்லை.

"அம்மா, டிட் யூ செக்?"

"பண்ணேன்."

"ஹவ் மெனி டைம்ஸ்?"

"மூணு தடவை."

அவளே முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள். வைத்தேன்.