டாம்மோவுக்கு வெண்ணெய்க் கேக்

எம்டன்,
மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகள் வீப்கேவுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். கனடாவில் பனி விட்டதா? போன வாரக் காற்றில் நம் கொல்லைக் கதவு பிய்ந்துவிட்டது. நானே சரிசெய்தேன். இப்போது கோணலாகச் சாத்துகிறது, ஆனால் சாத்துகிறது.

ஒரு வெட்கக்கேடான செய்தி. உன் அம்மாவின் விண்வெளிக் கதை வார இதழை நான் நிறுத்தவில்லை. அவள் கண்மூடிய மறு வாரம் வெள்ளிக்கிழமை, இனி வேண்டாமென்று சொல்லத்தான் பத்திரிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரி கேஷே வழக்கம்போல் அட்டை மூலையில் பென்சிலால் ‘ஃப்ராவ்கே’ என்று உன் அம்மா பெயரை எழுதி எடுத்துவைத்திருந்தாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் காசை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு வருடமாக வாங்குகிறேன். வீணாக்குவானேன் என்று படிக்கவும் ஆரம்பித்தேன். நீங்கள் இருவரும் படிக்கும்போது ‘தகர டப்பாக்காரங்க சௌக்கியமா?’ என்று கிண்டல் செய்த இந்த எட்டாம் வகுப்புக்காரன், இப்போது கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறான். சிரித்துக்கொள்.

போன வெள்ளி வந்த 2,738ஆம் இதழில் விண்கப்பலின் எஞ்சின்காரக் கிழவர் டாம்மோ இறந்துவிட்டார். கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து முடித்தேன். முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்றாள் கேஷே. டாம்மோ போய்ட்டார் என்றேன். பின்னால் பக்கத்து வீட்டு வூபெனா அம்மாள் நின்றதைக் கவனிக்கவில்லை.

நம் தெருவைத்தான் உனக்குத் தெரியுமே. அன்றே நாலு மணிக்குக் கறுப்பு உடுப்பில் ஐந்து பேர், தட்டு நிறையச் சாவு வீட்டு வெண்ணெய்க் கேக். நான் வாய் திறப்பதற்குள் தேநீருக்குத் தண்ணீர் அடுப்பில் ஏறிவிட்டது. எந்த ஊர்க்காரர் என்றார்கள். கொஞ்சம் தூரம் என்றேன். கப்பல் வேலையா என்றார்கள். கப்பல் மாதிரிதான் என்றேன். இரண்டாவது கோப்பைக்கு மேல் பொய்யை இழுக்க முடியவில்லை. இதழை எடுத்து மேஜையில் வைத்தேன்.

வூபெனா அம்மாள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “கேக் சுட்டாச்சு. நம்ம ஊர் முறைப்படி மூணு கோப்பை குடிக்காம யாரும் எந்திரிக்கப் போறதில்ல. எப்படிச் செத்தார், அதையாவது சொல்லு” என்றாள்.

சொன்னேன். கப்பலைக் காப்பாற்ற, எரிகிற எஞ்சின் அறையை உள்ளிருந்தே பூட்டிக்கொண்டார். வெளியே மனைவி கதவைத் தட்டுகிறாள். அந்த மனிதர் கடைசிவரை ‘சூடு எழுநூறு, எண்ணூறு’ என்று அளவு மட்டும் சொல்கிறார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அங்கே இதழைக் கவிழ்த்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நான் கூரை ரிப்பேரைப் பற்றித்தான் பேசினேன், வீப்கே.

ஐந்து பேர் முன்னால் அழுதேன். அதற்குமேல் யாரும் டாம்மோவைப் பற்றிக் கேட்கவில்லை. வூபெனா அம்மாள் மூன்றாவது கோப்பையை ஊற்றி, “ஃப்ராவ்கே இதுலதான் குடிப்பா” என்று என் பக்கம் நகர்த்தினாள்.

அம்மாவின் அடக்கத்தன்று, கல்லு மாதிரி நிக்கிறீங்களேப்பா என்று கேட்டுவிட்டு விமானம் ஏறினாய். நீ கேட்டது சரிதான். அந்தத் தகர டப்பாக்காரர்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். கதை எழுதுகிறவர்களுக்கு நன்றி எழுதலாமென்று உட்கார்ந்தேன். பேனா உன் பெயரைத்தான் எழுதியது.

எஞ்சின் அறைக்கு இனி யார் என்று வரும் வெள்ளி தெரியும். நான் படிக்கப்போவதில்லை. இதழைத் திறக்காமல் அம்மாவின் துணிக் கிளிப்பை மாட்டிவைத்துவிடுவேன். அட்டையில் அம்மா பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதும்படி கேஷேயிடம் சொல்லியிருக்கிறேன். ஈஸ்டருக்கு விடுமுறை கிடைத்தால் வந்து வாசித்துக் காட்டு. என் கண்ணாடி போதவில்லை என்று வைத்துக்கொள்.

கிடைக்காவிட்டாலும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. கொல்லைக் கதவு கோணல்தான். பூட்டுவதில்லை.

உன் அப்பா,
ஹின்னெர்க்